மடையும் மன்னிப்பும்

எங்கள் ஊரில் மன்னிப்புக் கேட்பது ரொம்பச் சுலபம். தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், சின்னவர்கள் ஆரஞ்சுப் பழத்தோடு பெரியவர்கள் வீட்டுக்குப் போவார்கள். கையை முத்தமிட்டு, "தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்சதை மன்னிச்சிடுங்க" என்பார்கள். "மன்னிச்சாச்சு" என்று பெரியவர் சொல்லிவிட்டால் தீர்ந்தது. அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. எடுத்தால் எடுத்தவர்தான் கெட்டவர். அயோக்கியர்களுக்கு இது எவ்வளவு தோதான ஏற்பாடு என்று எனக்குக் காட்டியவன் ஜெல்யோ, பக்கத்து வீட்டு வெலிகாவின் கொழுந்தன்.

வெலிகா பள்ளிக்கூடத்துச் சமையல்காரி. புருஷன் ராதோய் லாரி ஓட்டினவர். மலைப்பாதையில் ஒரு குளிர்காலத்தில் லாரியோடு உருண்டு போய்ச் சேர்ந்தார். பிள்ளை கிடையாது. அவருக்குப் பிறகு அவளுக்கென்று இருந்தது மிளகாய்த் தோட்டம் ஒன்றுதான். காரமில்லாத, நீளமான, சுட்டுத் தோலுரித்துத் தின்கிற சிவப்பு மிளகாய். அதற்குத் தண்ணீர் மலை ஓடை வாய்க்காலிலிருந்து வர வேண்டும். வாய்க்கால் முதலில் ஜெல்யோவின் தோட்டத்தைத் தொட்டுவிட்டுத்தான் கீழே இவளிடம் வரும்.

ஜூலையில் வெயில் கொளுத்தும்போது அவன் கல்லும் மண்ணும் போட்டு, கீழே தண்ணீர் விடுகிற மடையை அடைத்துவிடுவான். அவன் செடி கொழிக்கும். இவள் செடி கருகும். கேட்டால், "மழையே இல்லையே அண்ணி" என்பான். தவக்காலம் நெருங்கினால் ஆரஞ்சோடு வந்து நிற்பான். இவளும் "மன்னிச்சாச்சு" என்பாள். அடுத்த ஜூலையில் மறுபடி அடைப்பான். பார்த்துக்கொண்டிருக்கிற எனக்கு வயிறு எரியும்.

"நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேளேன் அக்கா!"

"மன்னிச்சுட்டேனே. அப்புறம் எப்படிடி கேக்கிறது?"

போன கோடையில் ஒரு செடிகூடப் பிழைக்கவில்லை. இந்த வருஷம் அந்த ஞாயிறன்று ஜெல்யோ தன் மனைவி கானாவோடு வந்தான். கையில் ஆரஞ்சு மட்டுமில்லை, ஒரு பெரிய ஜாடி. உள்ளே சுட்டு உரித்து எண்ணெயில் போட்ட மிளகாய். இவள் தண்ணீரில் விளைந்த மிளகாய் இவளுக்கே பரிசு! நெஞ்சழுத்தம் என்றால் அது.

நானும் அங்கேதான் இருந்தேன். மேஜையில் பாலாடைக்கட்டி ரொட்டி. உத்தரத்திலிருந்து சிவப்பு நூலில் கெட்டியான வெள்ளை அல்வாத் துண்டு தொங்கியது. மன்னிப்பு முடிந்த பிறகு அதை ஆட்டிவிடுவோம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் கவ்வ வேண்டும். வெளியே தோல் போர்த்தி இடுப்பில் மணி கட்டிய வேஷக்காரர்கள் ஜெல்யோவுக்காகக் காத்திருந்தார்கள். மறுநாள் சதுக்கத்தில் வேஷத்தலைவனாக நின்று ஊர் விளைச்சலுக்காகச் சடங்குக் கோதுமை விதைக்கப் போகிறவன் அவன். மன்னிப்பு வாங்காதவன் கையால் விதை விழுந்தால் ஊருக்கே ஆகாது.

ஜெல்யோ குனிந்தான். "தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்சதை மன்னிச்சிடுங்க அண்ணி."

வெலிகா கையை நீட்டவில்லை. ஜாடியையே பார்த்தாள். "தெரியாம செஞ்சதை மன்னிச்சாச்சு. தெரிஞ்சு செஞ்சது என்னன்னு சொல்லு."

"என்ன அண்ணி, புதுசா? வழக்கமா இப்படித்தானே கேப்பேன்!"

"வழக்கமா இன்னொரு காரியமும்தானே செய்யறே."

வாசலிலிருந்து ஒருவன் கத்தினான்: "என்னடா ஜெல்யோ, மன்னிப்பு வாங்கப் போனியா, விருந்து சாப்பிடப் போனியா?"

பிறகு திமோ உள்ளே வந்தார். வேஷக்காரர்களில் வயதில் மூத்தவர். முகமூடியைத் தூக்கிக்கொண்டு, "நல்ல நாளும் அதுவுமா ஒரு வார்த்தை சொல்லிடும்மா. ஊர்க் காரியம் நிக்குது" என்றார். வாசலில் நின்றவர்களும் "சொல்லிடுங்க, சொல்லிடுங்க" என்றார்கள். அத்தனை பேருக்கும் மடை விஷயம் தெரியும். ஒருத்தனாவது ஜெல்யோவைப் பார்த்து, "நீ சொல்லுடா" என்றானா?

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை. "அவளை ஏன்யா கெஞ்சறீங்க? வாயைத் திறக்க வேண்டியவன் அவன்!" என்று கத்திவிட்டேன்.

வாயைத் திறந்தது கானாதான். "சொல்லித் தொலைங்களேன். மண்வெட்டியோட மேல போறதை நான் பாக்கலைன்னு நினைச்சீங்களா?"

ஜெல்யோவின் காது சிவந்தது. "தண்ணியை அடைச்சேன்."

"யார் தண்ணியை?"

"உங்க தண்ணியை, அண்ணி."

"போய்த் திறந்துட்டு வா."

"இப்பவா? பனியே இன்னும் உருகலையே!"

"ஜூலைல உனக்கு மறதி வந்துடும்."

அவன் போனான். சும்மா நின்ற வேஷக்காரர்கள் மணியைக் குலுக்கிக் கேலி செய்துகொண்டே பின்னால் போனார்கள். இப்போது மட்டும் அவர்களுக்கு நியாயம் தெரிந்துவிட்டது! நாங்கள் மூன்று பெண்களும் தொங்கும் அல்வாவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம்.

முழங்கால்வரை சேற்றோடு திரும்பி வந்து, மறுபடி குனிந்தான். வெலிகா கையைக் கொடுத்தாள். "மன்னிச்சாச்சு."

பதிலுக்குப் பெரியவரும் "நீயும் என்னை மன்னிச்சிடு" என்று சொல்வது முறை. பேச்சுக்குச் சொல்லிவிட்டு எல்லாரும் சாப்பிட உட்கார்ந்துவிடுவோம். வெலிகா அவன் கையை விடவில்லை.

"நீயும் என்னை மன்னிக்கணும் ஜெல்யோ. எதுக்குன்னு நானும் சொல்லிடறேன். வருஷா வருஷம் 'மன்னிச்சாச்சு'ன்னு சொன்னேன் இல்லையா? ஒரு வருஷம்கூட மன்னிக்கல."