அம்மிக்குப் போன கயிறு

அந்தக் கொழவிய ஏன்டி அப்படிப் பாக்குற? அம்மி கருங்கல்லு, கொழவி கடக்கரைக் கல்லு, ஜோடி சேரலன்னு மேல வீட்டுக்காரி சொன்னாளாக்கும். அவளுக்கு என்ன தெரியும். உக்காரு, சொல்றேன்.

எங்க மாமியா மெயின்லேண்டுலேருந்து கப்பல்ல இந்தத் தீவுப் பக்கம் வந்தப்போ துணிமணி ஒரு மூட்டை, அம்மியும் கொழவியும் ஒரு மூட்டை. நம்ம லாங் ஐலண்ட் தீவுல கல்லே இல்லையா அத்தைன்னு கேட்டா, "எங்கூருக் கல்லு மாதிரி ஆவுமா"ங்குறாங்க. அவங்க எறங்குன ரங்கத் பக்கத்துலேருந்து எங்க டுங்கியிலதான் ஏத்திட்டு வந்தோம். சின்னப் படகு. பாயி உண்டு, காத்து இல்லன்னா பின்னாடி ஒரு மோட்டாரு. பெட்ரோலு தனியா தகர டாங்கில இருக்கும், ரப்பர் குழா வழியா மோட்டாருக்குப் போவும். டாங்கிய வெட்டவெளில வச்சு, மேல ஈரச் சாக்கு போட்டு, ஆடாம அசையாம கட்டிட்டுத்தான் எங்க வீட்டுக்காரரு படகையே தள்ளுவாரு.

அன்னிக்கு மாமியா விடல. "அம்மி நகந்தா பலகை பொளந்துரும்டா. தகர டப்பாவுக்கு எதுக்குக் கயிறு? அவுத்து கல்லக் கட்டு." இருந்தது அந்த ஒரு கயிறுதான். அம்மா பேச்சுக்கு அவரு மறுபேச்சு பேச மாட்டாரு. அம்மியக் கட்டுனாரு. கொழவிய யாரும் கட்டல.

பாதிக் கடல்ல காத்து நின்னுபோச்சு. நீரோட்டம் எங்கள தீவத் தாண்டி இழுக்குது, அந்தாண்ட வெறுங்கடலு. என் இடுப்புல கைப்புள்ள. மோட்டாரப் போடலாம்னு அவரு எந்திரிக்கவும், ஒரு அலை தூக்கிப்போட்டுச்சு. கொழவி உருண்டு வந்து டாங்கி மேல மோதுச்சு. டாங்கி சாஞ்சு, மூடி கழண்டு, படகு அடியெல்லாம் பெட்ரோலு. மாமியா வாயில சுருட்டு வேற பொகையுது.

"அம்மா, அத மெதுவா கடல்ல போடுங்க."

"இப்பதானடா பத்த வச்சேன்."

"அம்மா."

அம்மாகிட்ட அவரு ரெண்டாந்தடவ சொன்னத அன்னிக்குத்தான் கேட்டேன். அவங்க போட்டுட்டாங்க.

கெடக்குற பெட்ரோல எடுக்காம மோட்டார இழுத்தா, ஒரு பொறி போதும். வேட்டிய உருவி ஒத்தி ஒத்திப் பிழியறாரு. நான் சோத்துச் சட்டியால தண்ணி அள்ளி ஊத்தி எறைக்கிறேன். நெடி தாங்காம புள்ள கத்துது. நிமுந்து பாத்தா, எங்க தென்னமரம் குட்டையாயிட்டே போவுது. தீவு நழுவுதுடி. புள்ளையவாவது காப்பாத்துங்கன்னு யாரு கையில குடுக்குறது, சொல்லு? அந்தக் கடல்ல யாரு இருக்கா?

மாமியா கொழவிய ரெண்டு கையாலயும் தூக்கிக் கடல்ல விட்டாங்க. அம்மிக் கயித்த அவுத்து மகங்கிட்ட நீட்டுனாங்க. "ஜல்தி கட்டுடா." சீக்கிரம்னு அர்த்தம், கப்பல்ல வந்தப்போ அவங்க கத்துக்கிட்ட மொத இந்தி அதுதான். டாங்கி அடில கொஞ்சந்தான் பெட்ரோலு மிச்சம். கட்டுனது போதாதுன்னு டாங்கிய மடில சாச்சுக் கட்டிப் புடிச்சுக்கிட்டாங்க. படகு அடிய அலசி முடிச்சு, மூணாந்தடவ இழுக்கவும் மோட்டாரு புடிச்சுது. மணல்ல படகு தட்டுற வரைக்கும் அவங்க கைய எடுக்கல. கோமணத்தோட நிக்குற மகனப் பாத்து அப்பறந்தான் சிரிச்சாங்க.

மறுநாளு இந்தக் கொழவிக் கல்ல அவங்களேதான் கடக்கரைல பொறுக்கினாங்க. இதுல அரைச்சா மசாலா நல்லாத்தான்... ஐய, உலை பொங்குது, நவுரு.