பதில் சொல்ல ஒரு குரல்

பன்னிரண்டு மணிக்கு மாதா கோயில் மணி அடித்ததும் எங்கள் தெருவில் அம்மி அரைக்கிற சத்தம் சட்டென்று நின்றுவிடும். அரைத்த மிளகாயின் நெடி மட்டும் காற்றில் இருக்கும்...

எனக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. நான் சொல்லச் சொல்ல மருமகள் டைப் பண்ணுகிறாள். தப்பிருந்தால் அவளைத் திட்டுங்கள்!

வெள்ளைக்காரன் காலம். ஆவடிப் பக்கம், வயலை ஒட்டி எங்கள் வீடு. காலை, மதியம், சாயந்தரம்... மூன்று வேளையும் மணி கேட்டால் போட்டது போட்டபடி நின்று திரிகால செபம் சொல்ல வேண்டும். ஒருவர் ஓர் அடி சொன்னால் மற்றவர் பதில் சொல்லி முடிக்கணும். எங்கள் வீட்டில் நைனா முதலடி. பதில் சொல்வது அவருடைய அண்ணன், என் பெரியப்பா.

ஒரு வருஷம் ரெண்டு பேருக்கும் பேச்சே இல்லை. பெரியப்பா கன்றிலிருந்து வளர்த்த செவலைக் காளையை நைனா ஒரு வார்த்தை கேட்காமல் விற்றுவிட்டார். அதிலிருந்து எல்லாம் அம்மா வழியாகத்தான்.

"மடையத் தொறக்கணும்னு அவனாண்ட சொல்லும்மா."

பெரியப்பா இப்படிச் சொல்லும்போது நைனா பக்கத்திலேயே நிற்பார்! ஆனால் மணி அடித்தால் மட்டும் இவர் சொல்ல, அவர் பதில் சொல்வார். முடிந்ததும் ஆளுக்கொரு பக்கம் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வார்கள்.

கடைசியில் பெரியப்பா, பெரியம்மாவின் ஊரான திருமழிசைக்கே போய்விடுகிறேன் என்று கிளம்பிவிட்டார். பாய், பாத்திரம் எல்லாம் வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டியாயிற்று. மாட்டைப் பூட்டப்போகும் நேரம்... மதிய மணி.

நைனா வாசலில் நின்று முதலடி சொன்னார். வண்டியருகே நின்ற பெரியப்பா வாய் திறக்கவில்லை.

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அம்மா ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள், மிளகாய்க் கையாலேயே! எரிச்சல் தாங்கவில்லை. மற்றவர்களையும் கண்ணாலேயே அடக்கிவிட்டாள்.

நைனா மறுபடி அதே அடி. பதிலில்லை. மூன்றாவது தடவை குரல் உடைந்துவிட்டது.

"அண்ணாத்தே... நான் பண்ணது தப்புதான். நீ பதில் சொல்லாம நான் எப்டி முடிப்பேன்?"

பெரியப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அப்புறம் பதில் சொன்னார். செபம் முழுசும் முடிந்து, சிலுவை போட்டுக்கொண்டு, பெரியம்மாவைப் பார்த்தார்.

"இன்னா பாத்துகினு நிக்கிற? கட்ட அவுத்து வுடு. பசிக்குது."

அம்மாவை நினைத்தால் இன்றைக்கும் மலைப்பாக இருக்கிறது. அத்தனை பேர் சுற்றி நின்றோம். ஒருத்தரையும் பதில் சொல்ல விடவில்லையே அவள்!

இப்போது அம்பத்தூரில் பிளாட். மதியம் பன்னிரண்டுக்கு என் செல்போனில் செபம் தானாகவே ஓடுகிறது. மகன் வைத்துக் கொடுத்தான், நல்ல பிள்ளை.

முதலடியும் அதுவே சொல்கிறது. நான் வாயெடுப்பதற்குள்... பதிலையும் அதுவே சொல்லிவிடுகிறது.