அலசாத துணி

பனியனுக்குப் பேர்போன எங்கள் ஊரில், ராயபுரத்தில் நான் வேலை பார்த்த குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு வியாழக்கிழமைதோறும் கோயம்புத்தூரிலிருந்து ஒரு டாக்டரம்மா வருவார். குழந்தைகளுக்கு வரும் ஈரல் நோய்களை மட்டும் பார்ப்பவர். அன்றைக்கு அவர் அறை வாசலில் நிற்பது என் வேலை. எடை போட வேண்டும், வரிசையாக உள்ளே அனுப்ப வேண்டும். பெயர் பதிய வருகிறவர்களிடம் ஒரே ஒரு விஷயம் சொல்ல வேண்டும்: "வரும்போது குழந்தை வெளிக்குப் போன துணிய அலசாம கொண்டு வாங்க."

இதைச் சொல்வதில் என்ன கஷ்டம் என்று தோன்றும். புது ஆட்களிடம் எனக்குச் சத்தமாகப் பேச வராது. அதிலும் ஹால் நிறைய ஆண்கள் உட்கார்ந்திருக்கும்போது இந்தப் பேச்சு. வாய்க்குள்ளேயே சொல்வேன். "என்னங்க்கா?" என்பார்கள். மறுபடியும் சொல்வேன். நன்றாகத் தலையாட்டிவிட்டுப் போய், வரும்போது துவைத்து மடித்த துணியோடு வருவார்கள். ஒரு அம்மா இஸ்திரியே போட்டுக் கொண்டுவந்தார். "டாக்டரம்மாகிட்டப் போயி அழுக்குத் துணியக் காட்டறதுங்களா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். எங்கள் ஊர்க்காரர்களின் மரியாதை உலகத்துக்குத் தெரியும். அந்த மரியாதையோடு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

டாக்டரம்மா துணியைக் கேட்பதற்குக் காரணம் இருந்தது. பிறந்த குழந்தைக்குக் கண் மஞ்சளாவது சகஜம், பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். அது போகாமல் நீடித்து, மலமும் வெளுத்து வந்தால், ஈரலிலிருந்து பித்தம் இறங்கும் குழாய் அடைபட்டிருக்கலாம். அப்படியிருந்தால் ஆபரேஷன்தான். சீக்கிரம் செய்தால்தான் பலன். தள்ளிப்போட்டால் ஈரல் கெட்டுக்கொண்டே போகும். குடும்பமோ வீட்டில் துணியை வெளுத்துக்கொண்டிருக்கும்.

பெருமாநல்லூரில் பனியன் யூனிட் வைத்திருந்த ஒருவர், மனைவியோடும் ஒன்றரை மாதப் பையனோடும் வந்தார். காதை விட்டுச் செல்போன் இறங்கவே இல்லை.

"வெளிக்கு என்ன கலர்ல போறான்?" என்று டாக்டரம்மா கேட்டார்.

அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டார். "நல்ல மஞ்சளுங்க மேடம். வெயில்ல காட்டிட்டுத்தான் இருக்கறமுங்க."

"துணி எங்க?"

"அலசிப் போட்டாச்சுங்க. இந்த அக்கா என்னமோ சொன்னாங்க. எனக்குத்தான் கேக்குலீங்க."

டாக்டரம்மா என்னைத்தான் முறைத்தார். பையனின் அப்பாவிடம் நான் மூன்று தடவை சொல்லியிருந்தேன். மூன்று தடவையும் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

எடை மேடையில் படுக்கவைத்ததும் பையன் நல்லவேளையாக வெளிக்குப் போனான். கட்டியிருந்தது மஞ்சள் பனியன் துணி. எங்கள் ஊரில் குழந்தைக்கென்று யாரும் கடையில் துணி வாங்குவதில்லை. கம்பெனியில் மிஞ்சும் துண்டுகள்தான். துணியை விரித்துக் காட்டினேன். மஞ்சளாகத்தான் தெரிந்தது.

"நாஞ்சொன்னனுங்களே" என்றார் அப்பா. "துணியப் பாருங்க, எக்ஸ்போர்ட் குவாலிட்டி." போனில், "இதா, கெளம்பிட்டனுங்க" என்றார்.

டாக்டரம்மா பையனின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தபடி யோசித்துக்கொண்டிருந்தார். கண் மஞ்சள், மூத்திரம் டீத்தண்ணி மாதிரி. துணியின் கலர் மட்டும் அவற்றோடு ஒத்துப்போகவில்லை. நான் ஈரத்துணியைச் சுருட்டி எடுத்தேன். என் விரலெல்லாம் மஞ்சளாகிவிட்டது.

"சாயம் போகுதே" என்று பையனின் அம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன்.

"அது நிக்காத கலருங்க்கா" என்றாள் அவளும் மெதுவாக. "வாங்கற பார்ட்டி வேண்டான்னு லாட்டையே திருப்பி உட்டுட்டாங்க. ஊடு பூரா அந்தத் துணிதான் கெடக்குது."

அவள் புருஷனோ எக்ஸ்போர்ட் என்கிறார். இதை நான் எல்லோர் முன்னாலும் எப்படிச் சொல்வது? பேசாமல் என் கையை டாக்டரம்மாவிடம் நீட்டினேன். அவர் விரலைப் பார்த்தார், துணியைப் பார்த்தார்.

"வெள்ளைத் துணி கட்டுங்க. அவன் மறுபடி போறவரைக்கும் யாரும் நகரக் கூடாது."

"மேடம், இன்னிக்கு ஷிப்மெண்ட்டுங்க."

"ஷிப்மெண்ட் போகட்டும். நீங்க இருங்க."

கரண்ட் போய்விட்டது. அம்மா பால் கொடுத்தபடி உட்கார்ந்திருந்தாள். அப்பா வாசலுக்கும் ஹாலுக்குமாக நடந்தார். "இன்னுமில்லீங்களா?" என்று என்னிடம்தான் வந்து கேட்டார், நான் என்னவோ பிடித்து வைத்திருப்பதுபோல.

கடைசியில் பையன் வெளிக்குப் போனான். வெள்ளைத் துணிமேல் கரைத்த அரிசிமாவு மாதிரி இருந்தது. அப்பா குனிந்து பார்த்தார். போன் அடித்தது. எடுக்கவில்லை.

"இதுல மஞ்சளே இல்லீங்களேக்கா" என்றார்.

அன்றைக்கே கோயம்புத்தூருக்குப் போனார்கள். அடைப்பு என்றுதான் தெரிந்தது. ஆபரேஷன் நடந்தது. ஆனாலும் பித்தம் இறங்குகிறதா என்பது போகப்போகத்தான் தெரியும், மலம் மஞ்சளானால் சரி என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதற்காகத்தான் ஒரு வியாழக்கிழமை எங்களிடம் வந்தார்கள். இந்த முறை போன் சட்டைப் பைக்குள் இருந்தது.

"இப்ப மஞ்சளாத்தானுங்க போறான். சத்தியமா."

"துணி?" என்றேன்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அலசிவிட்டார்கள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஒரு வெள்ளைத் துணியை எடுத்துக் கொடுத்தேன். மறுபடியும் அதே காத்திருப்பு. மற்ற குழந்தைகளை எடை போட்டுக்கொண்டிருந்தபோது அம்மா எழுந்து பின்பக்கம் போவதைப் பார்த்தேன். ஏதோ தோன்றி எட்டிப் பார்த்தால், கையில் துணியோடு குழாயடியில் நிற்கிறாள். குழாயைத் திறக்கக் கை போய்விட்டது.

"அலசாதே கண்ணு."

அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். ஹாலில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். டாக்டரம்மாகூட அறையிலிருந்து வெளியே வந்துவிட்டார்.

"கசகசன்னு இருந்துச்சுங்க்கா" என்று அவள் துணியை நீட்டினாள்.

வெள்ளைத் துணி. நடுவில் நல்ல மஞ்சள். விரலால் சுரண்டிப் பார்த்தேன். துணியிலிருந்து வந்த மஞ்சள் இல்லை, பையனுடையதுதான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அதை விரித்துப் பிடித்தபடியே ஹாலின் குறுக்கே டாக்டரம்மாவிடம் நடந்தேன்.