மூன்று பேர் சொன்ன "நம்பர் ப்ளீஸ்"

எண்பதுகளின் தொடக்கத்தில் புனே அருகே ஆகுர்டியில் ஒரு தொழிற்சாலையில் டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். போர்டின் முன் மூன்று பெண்கள். நடுவில் நான், வலப்பக்கம் தேஹு ரோட்டிலிருந்து வரும் ஸ்டெல்லா, இடப்பக்கம் மராட்டிப் பெண் சுலபா. அதிகாரிகள் யாராவது போனை எடுத்தால் அவருடைய விளக்கு எரியும். அதன் கீழுள்ள துளையில் கார்டை, அதாவது முனையில் பின் வைத்த வயரை, செருகி "நம்பர் ப்ளீஸ்" என்று கேட்க வேண்டும். அதைச் சொல்வதில் எனக்கிருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

இரண்டாம் மாதம் ஸ்டோர்ஸ் அதிகாரி ஒருவர் நம்பர் கேட்பதையே விட்டுவிட்டார். இன்றைக்கு என்ன கலர் புடவை, மதராஸிப் பெண்களுக்கெல்லாம் இப்படித்தான் குரலா, ஸ்கூட்டரில் வீட்டில் விடட்டுமா என்று ஆரம்பித்தார். கார்டைப் பிடுங்கினால் மறுபடி கூப்பிடுவார். எனக்கோ ப்ரொபேஷன் முடியவில்லை. அப்பாவிடம் சொன்னால் மறுநாளே வேலைக்கு முழுக்குதான்.

ஒருநாள் அவருடைய விளக்கு எரிந்தும் எடுக்காமல் அதையே வெறித்துக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா கவனித்துவிட்டாள். விஷயத்தைச் சொன்னதும் எனக்குத்தான் திட்டு.

"பாகல், பைத்தியமா நீ? இதையெல்லாம் தனியா உக்காந்து கேக்குறியா? அதே லைன் எங்க முன்னாடியும் இருக்குல்ல."

அடுத்த முறை அவர் புடவைப் பேச்சுக்கு வந்ததும் கையைத் தூக்கினேன். இருவரும் அதே எண்ணில் கார்டைச் செருகினார்கள். சர்ச் கொயர் மாதிரி மூவரும் சேர்ந்து "நம்பர் ப்ளீஸ்" என்றோம். அந்தப் பக்கம் டொக்கென்று போனை வைத்தார். நாங்கள் சிரித்து ஓய்வதற்குள் பம்பாய்க்கு இரண்டு ட்ரங்க் கால்கள் காத்துக்கிடந்தன.

மனிதர் அத்தோடு சும்மா இருந்திருக்கலாம். ஆபரேட்டர்கள் ஒட்டுக்கேட்கிறார்கள் என்று பர்சனல் மேனேஜரிடம் புகார் கொடுத்தார். எங்களைக் கூப்பிட்டார்கள்; அவரும் அங்கே உட்கார்ந்திருந்தார். என் வேலை போயிற்று என்றே நினைத்தேன். கேட்டீர்களா என்றார் மேனேஜர். கேட்டோம் என்றாள் சுலபா, அலட்டிக்கொள்ளாமல். என்ன பேசினார் என்பதை அவரே சொல்லட்டும் என்றாள்.

மேனேஜர் அவர் பக்கம் திரும்பினார். ஸ்டோர்ஸில் அவசர வேலை என்று அவர் எழப் பார்த்தார். பிறகு நாங்களே எல்லாவற்றையும் சொன்னோம். வேண்டாத பேச்சு வந்தால் பக்கத்து ஆபரேட்டரைச் சேர்த்துக்கொள்வது இனி இந்த போர்டின் வழக்கம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஸ்டோர்ஸ் லைனில் நம்பர் மட்டும்தான் வந்தது. எனக்கு வேலையும் நிரந்தரமானது. மூவரும் கேன்டீனில் மிசல் பாவ் வாங்கிக் கொண்டாடினோம்.

பின்னாளில் புதுப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தது நான்தான். எந்த விளக்கு யாருடையது என்று காட்டுவதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுவேன்:

"பக்கத்துல இருக்கறவ கையைத் தூக்கினா உடனே கார்டைச் செருகு. என்ன ஏதுன்னு அப்புறம் கேட்டுக்கலாம்."