காலி சீட்டில் அடிக்கும் மணி

சிவகாசிப் பக்கம் பழைய கார் வாங்குகிறவர்கள் நல்ல நாள் பார்க்கிறார்களோ இல்லையோ, முனியராஜைப் பார்த்துவிடுவார்கள். நாரணாபுரம் ரோட்டில் தகரக் கொட்டகை போட்ட ஒர்க்‌ஷாப் அவருடையது. பெயர்ப்பலகைகூடக் கிடையாது. ஆனாலும் அவர் வருகிறார் என்றாலே கார் விற்கிறவர்கள் பாதி விலையைக் குறைத்துக்கொள்வார்கள். வந்ததும் முதல் காரியமாக பானெட்டில் உள்ளங்கையை வைப்பார். சூடாக இருந்துவிட்டால் போச்சு.

"எனக்கு முந்தியே ஸ்டார்ட் பண்ணிப் பாத்துட்டீக போல. ஆறட்டும், நான் ஒரு டீ குடிச்சிட்டு வாரேன்" என்று நடையைக் கட்டிவிடுவார். ஆறிக்கிடக்கிற இன்ஜின்தான் பொய் சொல்லாது என்பது அவர் கட்சி.

டயரில் அச்சடித்திருக்கும் வாரத்தையும் வருஷத்தையும் படிப்பார். கதவு போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தடம் இருக்கிறதா என்று விரலால் தடவுவார். கடைசியாக, சீட் பெல்ட் ஒவ்வொன்றையும் சுருளின் அடிவரை இழுத்து வெயிலில் பிடித்துப் பார்ப்பார். வெள்ளத்தில் மூழ்கி எழுந்த கார் என்றால் அங்கே சேறு இருக்கும். வெளியே என்னதான் ஷாம்பூ போட்டுக் கழுவினாலும் சுருளுக்குள் யார் கையும் போகாது. அந்த வித்தையை வைத்து எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறார்.

ஆனால் ஆறு வருஷமாக அவர் பெல்ட்டில் தேடுவது சேற்றை அல்ல.

அவர் மனைவி வள்ளித்தாய், தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் பேன்சி வெடிகளுக்கு மருந்து செலுத்துகிற வேலையில் இருந்தாள். மருந்தில் கலக்கிற அலுமினியப் பவுடர் முழங்கை வரை ஏறி, சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது கையெல்லாம் வெள்ளியாக மின்னும். எம்புட்டு சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் மிச்சம் நிற்கும். "வெள்ளிக் காப்பு கேட்டா நீங்க வாங்கித் தரமாட்டீக. அதான் நானே பூசிக்கிட்டு வந்துட்டேன்" என்று கையை ஆட்டிக் காட்டுவாள். அந்த வலது கையில் மோதிர விரல் பாதிதான் இருந்தது. சின்ன வயதில் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தபோது மெஷின் கடித்த கடி.

ஆறு வருஷத்துக்கு முந்தி ஒருநாள் பதினொரு மணி வாக்கில், தாயில்பட்டிப் பக்கம் புகை தெரிகிறது என்று ரோட்டில் யாரோ சொல்லிக்கொண்டு போனார்கள். முனியராஜ் உடனே அவளுக்குப் போன் போட்டார். ரிங் போனது, எடுக்கவில்லை. மறுபடியும் போட்டார். மறுபடியும் ரிங் போனது. போன் நன்றாக அடிக்கிறது, அப்படியானால் அவளும் நன்றாகத்தான் இருப்பாள் என்று மனசைத் தேற்றிக்கொண்டு, பிரித்துப் போட்டிருந்த கியர் பாக்ஸில் கையை வைத்தார். பட்டாசு ஆலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, கேட்டில் வாட்ச்மேனுடைய மரப்பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பது இந்த ஊரில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். முனியராஜுக்கும் தெரியும். அந்த ஒரு மணி நேரம் மட்டும் அது மறந்துபோனது. பதினொரு தடவை போட்டார். பதினொரு தடவையும் அது அந்தப் பெட்டிக்குள் கிடந்துதான் அடித்தது.

ஆலை வெடித்த சேதி வந்து அவர் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது வள்ளித்தாயின் உயிர் போயிருந்தது. யாரோ அவளை வாசலில் இறக்கிவிட்டுப் போயிருந்தார்கள். ஆட்டோவில்தான் வந்தாள் என்றார் ஒருவர். இல்லை, கார் என்றார் இன்னொருவர். வருகிற வழியில் அவளுக்கு நினைவு இருந்ததா, ஏதாவது பேசினாளா, தன்னைக் கேட்டாளா? முனியராஜுக்கு இது மட்டும் தெரிந்தால் போதும். இது தெரியாமல் அவரால் ஒரு வாய்ச் சோறு நிம்மதியாகத் தின்ன முடியவில்லை. வந்தது கார் என்றால் அந்த வெள்ளிப்பொடி அதில் ஒட்டாமல் இருக்காது. எவ்வளவு கழுவினாலும் போகாத இடம் எது என்பதும் அவருக்குத் தெரியும். ஆறு வருஷத்தில் நானூறு கார்களாவது இருக்கும். ஒன்றிலும் இல்லை.

இந்தப் பங்குனியில் செந்தூர்பாண்டி வந்தார். காலண்டர் அடிக்கிற அச்சகத்தின் முதலாளி, முப்பது வயசு, கார் பைத்தியம்.

"அண்ணே, ரெண்டே சீட்டு உள்ள ஸ்போர்ட்ஸ் காரு ஒண்ணு விலைக்கு வந்திருக்கு. வண்டிக்கு ஆறு வருஷம் ஆச்சு, ஓடுனது ஆயிரத்தி நூறு கிலோமீட்டர்தான். நம்பி வாங்கலாமான்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

"ஓடித் தேஞ்ச வண்டியக்கூட நம்பிரலாம் தம்பி. சும்மா கிடந்த வண்டியத்தான் நம்பக் கூடாது. ஏன் ஓட்டாம வச்சிருந்தாகளாம்?"

"அதைச் சொல்ல மாட்டேங்காக."

கார் ஆனைக்குட்டத்தில், அணையை ஒட்டிய ஒரு தோட்டத்து ஷெட்டில் கிடந்தது. ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்தது நட்டநடு மத்தியானம். அணையில் தண்ணீர் வற்றி, சேறு வெடித்துக் கிடந்தது. தோட்டத்தில் ஒரு காக்கைகூடக் கத்தவில்லை. காரின் சொந்தக்காரர் சூர்யபிரகாஷ், விருதுநகரில் பருப்பு வியாபாரம் செய்கிற குடும்பத்துப் பையன். ஷெட்டுக்கு இருபதடி தள்ளி வேப்பமர நிழலில் நின்றுகொண்டு சாவியைத் தூக்கிப் போட்டார். தன்னுடைய காருக்குப் பக்கத்தில் வர மாட்டேன் என்கிற சொந்தக்காரரை முனியராஜ் அன்றைக்குத்தான் பார்த்தார்.

கருநீலக் கார். இடுப்பு உயரம்கூட இல்லை. பானெட்டில் கை வைத்தார். ஷெட்டுக்குள் அனலடிக்கிற அந்த வெயிலிலும் தகரம் ஜில்லென்று இருந்தது. கையை எடுத்துத் துண்டில் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தார். நின்ற இடத்திலேயே நின்றதால் நாலு டயரும் அடியில் தட்டையாகியிருந்தன. பிரேக் தட்டுகளில் துரு. ஆயில் தெளிவாக இருந்தது. தோட்டக்காரர் மாசம் ஒரு தரம் ஸ்டார்ட் பண்ணி நிறுத்துவாராம். கதவு போல்ட்டுகளில் ஒரு கீறல் இல்லை. மோதவில்லை, மூழ்கவில்லை, பாடியை யாரும் பிரிக்கவும் இல்லை. இப்படி ஒரு சுத்தமான வண்டியை அவர் பார்த்ததே இல்லை. அதனாலேயே அவருக்குச் சந்தேகம் வந்தது.

உள்ளே உட்கார்ந்து தன் பெல்ட்டை மாட்டிக்கொண்டார். டிரைவருக்குப் பக்கத்து சீட்டில், பெல்ட் மாட்டுகிற இடத்தில், கடையில் விற்கிற வெறும் கிளிப் ஒன்றைச் செருகியிருந்தார்கள். பெல்ட் போடச் சோம்பல்படுகிறவர்கள், மணி அடிக்காமல் இருப்பதற்காக வண்டியை ஏமாற்றுகிற கிளிப். டிரைவர் பக்கம் இருந்தால் புரியும். பக்கத்து சீட்டுக்கு எதற்கு? அங்கே ஆள் உட்கார்ந்தால்தானே மணி அடிக்கும்?

சாவியைத் திருகினார். இன்ஜின் முதல் திருகிலேயே பிடித்துக்கொண்டது. கிளிப்பைப் பிடுங்கினார்.

டிங். டிங். டிங்.

காலி சீட்டில் ஆள் இருக்கிறது, பெல்ட் போடவில்லை என்று கார் சொன்னது. முனியராஜ் சீட்டைத் தட்டிப் பார்த்தார், அமுக்கிப் பார்த்தார். மணி நிற்கவில்லை. அங்கே வேப்பமரத்தடியில் சூர்யபிரகாஷ் ரெண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"அண்ணே, அதைக் கழட்டாதீக! திரும்பச் செருகுங்க!"

"சென்சார் போயிருக்கும் தம்பி, வேறென்ன?"

"ரெண்டு தரம் மாத்தியாச்சுண்ணே. நிக்கல."

முனியராஜ் இன்ஜினை அணைத்துவிட்டு, அந்தப் பக்கம் சுற்றிப்போய்க் கதவைத் திறந்தார். பெல்ட்டைப் பிடித்து இழுத்தார். முதல் ஒரு முழம் புதுசாக இருந்தது. இன்னும் இழுத்தார். தோளுக்குக் கீழே, நெஞ்சுக்கு நேராக வருகிற இடம் சுருளுக்குள்ளிருந்து வெளியே வந்தபோது, ஷெட் வாசல் வழியாக விழுந்த வெயில் பட்டு அது மின்னியது.

நாலு வெள்ளிக் கோடுகள். ஒரு கை இறுக்கிப் பிடித்த தடம். மேலிருந்து மூன்றாவது கோடு மட்டும் பாதியில் நின்றிருந்தது.

முனியராஜ் அந்தப் பாதிக் கோட்டின் மேல் தன் மோதிர விரலை வைத்துப் பார்த்தார். கதவைப் பிடித்துக்கொண்டார். என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று செந்தூர்பாண்டி கேட்டது அவர் காதில் விழவே இல்லை. பெல்ட்டை விடாமல் பிடித்தபடி வேப்பமரத்தைப் பார்த்துக் கேட்டார்.

"தாயில்பட்டியில இருந்து ஒரு பொம்பளைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தது நீங்களா தம்பி?"

சூர்யபிரகாஷ் வெளிறிப்போனார். "நீங்க யாரு?"

"அவ வீட்டுக்காரன்."

சூர்யபிரகாஷ் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். ஆறு வருஷமாக யாரிடமும் சொல்லாதது மொத்தமும் வெளியே வந்தது.

"வண்டி எடுத்து ஒரு மாசம்கூட ஆகலண்ணே. வெம்பக்கோட்டை ரோட்டுல ஓட்டிப் பாத்துக்கிட்டு வந்தேன். அவுக தானா நடந்துவந்து ரோட்டுல கையைக் காட்டுனாக. உக்கார வச்சேன். பெல்ட் போடலைன்னு மணி அடிக்க ஆரம்பிச்சுருச்சு. அவுகளுக்கு அது தெரியல. 'என் வீட்டுக்காரருதான் போன் அடிக்காரு, யாராச்சும் எடுங்களேன். வந்துக்கிட்டு இருக்கேன்னு சொல்லுங்க'ன்னாக. திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னாக. சத்தம் நின்னாப் போதும்னு பெல்ட்டை இழுத்து மாட்டுனேன். அவுக அதைப் பிடிச்சுக்கிட்டாக. மணி நின்னுருச்சு."

"அப்புறம்?"

"'வச்சுட்டாரா?'ன்னு கேட்டாக. அதுக்கப்புறம் பேசலண்ணே. பயந்துபோய் வாசல்ல இறக்கிவிட்டுட்டு வந்துட்டேன். போலீசு கேசுன்னு அலையணும், யாருகிட்டயும் சொல்லாதன்னு அப்பா சொல்லிட்டாரு. மறுநாள் வண்டிய எடுத்தேன். பக்கத்துல யாருமே இல்ல, மணி அடிக்குது. சென்சார மாத்தியும் நிக்காமப்போய் ஷெட்டுல போட்டதுதான்."

அணைப் பக்கமிருந்து சூடான காற்று வீசியது. முனியராஜ் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பதினொரு தடவை வீணாக அடித்தோம் என்று ஆறு வருஷமாகத் தன்னையே திட்டிக்கொண்டிருந்தார். கார் மணியாகவாவது அது அவளுக்குக் கேட்டிருக்கிறது. போனை எடுக்கத்தான் கை எட்டவில்லை.

செந்தூர்பாண்டி மெல்ல அவர் தோளைத் தொட்டார். "அண்ணே, இந்த வண்டி நமக்கு வேண்டாம். வாங்க, போயிருவோம்."

"வண்டி மேல ஒரு குத்தமும் இல்ல தம்பி. டயரு நாலையும் மாத்தணும், பிரேக்கை உரசி எடுக்கணும். இன்ஜினை நம்பலாம்" என்றார் முனியராஜ். இத்தனை கலக்கத்திலும் தொழிலில் அவருக்குப் பொய் வரவில்லை. "நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் அங்கன நில்லுங்க."

பெல்ட்டை மெதுவாகச் சுருளுக்குள் போகவிட்டார். கதவைச் சாத்தினார். டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்து, தன் பெல்ட்டை மாட்டிக்கொண்டு சாவியைத் திருகினார். கிளிப் அவர் உள்ளங்கையில் இருந்தது. அதைச் செருகவில்லை.

டிங். டிங். டிங்.

முனியராஜ் காலி சீட்டின் பக்கம் தலையைச் சாய்த்து, போனை எடுத்துக் காதில் வைத்தவர் மாதிரி, "சொல்லு, வள்ளித்தாயி" என்றார்.

மணி நின்றது.