பட்டையைக் கண்டுபிடித்த மூன்று பேர்

ஆராய்ச்சி நிலையத்தில் அவருக்குக் கைகாட்டி என்று பெயர். சாலை முனையில் நிற்கும் கைகாட்டி ஊருக்கெல்லாம் வழி சொல்லும். தான் மட்டும் ஓரடி நகராது. பெயர் வைத்தது நூலகமா, ஸ்டோரா என்று யாருக்கும் தெரியாது. அது அவர் காதுக்கு வந்துசேர ஆறு வருடம் பிடித்தது. வந்த அன்று அவர் கோபப்படவில்லை. 'வழி காட்டுகிறேன் என்றாவது ஒத்துக்கொள்கிறார்களே' என்று ஆறுதல் அடைந்தார். இப்படி ஆறுதல் அடையத் தெரியாதவர்கள் அந்தத் தொழிலில் நாற்பத்தாறு வயதுவரை தாக்குப்பிடிப்பதில்லை.

தொழில், ரத்த அழுத்தம். அதாவது மற்றவர்களுடைய ரத்த அழுத்தம். பஸ் டிப்போக்களில் டிரைவர்களுக்கும் கண்டக்டர்களுக்கும் பிரஷர் பார்த்து, அது ஏன் ஏறுகிறது என்று கட்டுரை எழுதுவது. அதற்கு நடுவில் வருடத்துக்கு ஒரு தடவை பயிலரங்கு நடத்துவார். ஆராய்ச்சிக்குப் புதிதாக வந்தவர்களுக்கும், வந்து ரொம்ப நாளாகி மேலேயும் போகாமல் கீழேயும் இறங்காமல் நடுப்படியில் நிற்பவர்களுக்கும் முன்னேறும் வழி சொல்லித் தருவார். இரண்டாவது வகையில் தானும் சேர்த்தி என்பதை மேடையில் சொல்வதில்லை. "எதையும் தேதி போட்டு எழுதி வையுங்கள்." "உங்களை நீங்களே விற்கத் தெரிய வேண்டும்." "நல்ல வழிகாட்டியைத் தேடிப் பிடியுங்கள்." மூன்றாவதைச் சொல்லும்போது மட்டும் கை தானாகப் போய்ச் சட்டைக் காலரைச் சரிசெய்யும்.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வெளியாட்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். இளையவர் ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பித்தால் பெரியவர் பரிந்துரைக் கடிதம் தர வேண்டும். பெரியவருக்கு ஏது நேரம்? "நீயே எழுதிக்கிட்டு வா, கையெழுத்துப் போட்டுடறேன்" என்பார். இளையவர் தன்னைப் பற்றித் தானே, ஆனால் பெரியவர் குரலில், வியந்து எழுத வேண்டும். கூச்சம் உள்ளவர்கள் பாடு திண்டாட்டம். கூச்சம் இல்லாதவர்களோ தன் கல்யாணத்துக்குத் தானே வாழ்த்துப்பா படித்துவிட்டு வருவார்கள்.

அந்த வருடம் அவர் குழுவிலிருந்து இரண்டு பேர் ஒரே ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பித்தார்கள். இடம் ஒன்றுதான். ஒருவன், கூட்டங்களில் கேள்வி கேட்பதற்கு முன்பே பதில் சொல்கிறவன். எல்லோருக்கும் அவன் 'மைக்கு'. இன்னொருத்தி, டிப்போ டிப்போவாகப் போய் அளவெடுத்த களப்பணிப் பெண்; கூட்டங்களில் கடைசி நாற்காலி. இரண்டு கடிதங்களும் ஒரே மத்தியானம் மேஜைக்கு வந்தன. அவனுடையது இரண்டரைப் பக்கம், அவளுடையது அரைப் பக்கம். கைகாட்டி அப்போது 'வழிகாட்டி என்பவர் யார்?' என்ற ஸ்லைடுக்குப் படம் தேடிக்கொண்டிருந்தார். ஏணியைப் போடுவதா, கலங்கரை விளக்கத்தைப் போடுவதா என்று பெரிய யோசனை. யோசனை கலையாமலே இரண்டிலும் கையெழுத்துப் போட்டார். படிக்கவில்லை.

பயிலரங்கு அன்று காலை எட்டு மணி. சாப்பாட்டு மேஜையின் ஒரு பாதியில் அவர் தட்டு, மறுபாதியில் பள்ளி ஆசிரியையான அவர் மனைவி திருத்திக்கொண்டிருந்த விடைத்தாள்கள். போன் அடித்தது. கூடப் படித்தவர், இப்போது அந்த ஃபெலோஷிப்பின் தேர்வுக் குழுத் தலைவர்.

"டேய், உன் கடிதம் ரெண்டும் என் முன்னாடி இருக்கு. டிப்போல பிரஷர் பார்க்கிற பட்டை சின்னதுன்னு கண்டுபிடிச்சது யாரு?"

"ஏன் கேக்கறே?"

"பையன் கடிதத்துல 'இதை முதலில் கண்டறிந்தவர் இவரே'ன்னு எழுதியிருக்கே. பொண்ணு கடிதத்துலயும் அவதான்னு இருக்கு. ரெண்டுலயும் உன் கையெழுத்து. நாங்க இந்த ஒரு விஷயத்தை வெச்சுத்தான் முடிவு பண்ணணும். சாயங்காலம் நாலு மணிக்குக் கூட்டம். சொல்லு, யாரு?"

கைகாட்டிக்கு விடை தெரியும். பருமனான கையில் சின்னப் பட்டையைச் சுற்றினால் அழுத்தம் இல்லாதவருக்கும் இருப்பதாகக் காட்டும். அந்த டிப்போக்களில் நோயாளி ஆக்கப்பட்ட பலர் நோயாளிகளே அல்ல. இதைப் பதினாலு மாதத்துக்கு முன் அந்தப் பெண்தான் மாடிப்படியில் நிறுத்திச் சொன்னாள். தெரிந்ததைச் சொல்லத் தடையாக இருந்தது அவருடைய பதவி உயர்வுக் கோப்பு. அதில் ஒரு முழுப் பக்கத்துக்கு, பட்டையைச் சந்தேகித்து உண்மையைக் கண்டுபிடித்தவர் அவரே என்று எழுதியிருந்தது. அதை மட்டும் வேறு யாரிடமும் எழுதச் சொல்லாமல் சொந்தக் கையால் எழுதியிருந்தார்.

"அது வந்து... கூட்டு முயற்சிடா."

"கூட்டு முயற்சியா?"

"டீம் ஒர்க்."

"ரெண்டும் ஒண்ணுதாண்டா. அப்ப ரெண்டு பேரையும் தள்ளிட்டு வேற யாருக்காவது கொடுத்துடறோம். பொய்க் கடிதம் வந்த விண்ணப்பத்தை வெச்சுக்க முடியாது. சரிதானே?"

"உங்க குழு எப்படி முடிவு பண்ணுதோ..." என்றார் கைகாட்டி. போனை வைத்துவிட்டுத் தட்டுக்குத் திரும்பினார்.

சும்மா கேட்பதுபோல மனைவியிடம் கேட்டார். "ரெண்டு பசங்க ஒரே பதிலை எழுதியிருந்தா நீ என்ன பண்ணுவே?"

மனைவி விடைத்தாளிலிருந்து சிவப்புப் பேனாவை எடுக்காமலே சொன்னார். "மூணாவதா ஒருத்தன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பான். முதல்ல அவனைப் பிடிப்பேன். ஏன், தோசையைப் பார்த்துத் தலை குனிஞ்சிருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல. உப்பு கம்மி."

"நேத்தும் இதே மாவுதான். நேத்து சரியா இருந்துச்சு."

அரங்க வாசலில் மைக்கைத் தனியாகக் கூப்பிட்டார். "பட்டை விஷயத்தை நீயா கண்டுபிடிச்சே?"

அவன் அசரவில்லை. "சார், விற்கத் தெரியணும்னு நீங்கதானே சொன்னீங்க? அது நம்ம டீம் டேட்டா. நீங்களும் ஆண்டுக் கூட்டத்துல அப்படித்தானே..." பாதியில் நிறுத்தினான். வாழ்க்கையில் அவன் ஒரு வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தியது அன்றுதான். கைகாட்டி அவனைத் திட்ட வாயெடுத்து, திட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரிந்து மூடிக்கொண்டார்.

பேச்சு நன்றாகப் போனது. அதுதான் கொடுமை. நாக்கு பழகிய வண்டி. ஓட்டுகிறவன் தூங்கினாலும் வீடு போய்ச் சேர்ந்துவிடும். கடைசியில் வேறு ஏதோ கல்லூரியிலிருந்து வந்த ஒருத்தி எழுந்தாள்.

"சார், நான் கண்டுபிடிச்சதை என் கைடு அவர் கண்டுபிடிச்சதா மேடையில சொல்லிட்டா, நான் என்ன சார் பண்ணணும்?"

அரங்கம் சிரித்தது. இளையவர்கள் சத்தமாக, நடுப்படிக்காரர்கள் கொஞ்சம் மெதுவாக.

"தேதி போட்டு எழுதி வெச்சிருந்தா யாரும் மறுக்க முடியாதும்மா" என்றார் கைகாட்டி. சொல்லிவிட்டு அவர் கண் கடைசி வரிசைக்குப் போனது. அங்கே களப்பணிப் பெண் தலையாட்டிக்கொண்டே அதையும் எழுதிக்கொண்டிருந்தாள்.

டீ இடைவேளையில் அவர் அவளிடம் போனார். நல்ல எண்ணத்தில் போனார் என்று எழுத எனக்கும் ஆசைதான். போனது, அவளிடம் ஆதாரம் இருக்கிறதா என்று பார்க்க.

"நீ நோட்டு எழுதறியாம்மா?"

"எழுதறேன் சார். ரெண்டு வருஷம் முன்னாடி நீங்க சொன்னதிலிருந்து." சந்தோஷமாக நீட்டினாள். ஆசிரியரே கேட்டு வாங்கிப் பார்க்கிறாரே என்ற சந்தோஷம்.

சின்ன, நேரான கையெழுத்து. ஒரு பக்கத்தில், 'பருமனான கைகளுக்குப் பட்டை பத்தவில்லை. மாடிப்படியில் சாரிடம் சொன்னேன். பார்க்கலாம் என்றார்.' மூன்று வாரம் தள்ளி, 'பெரிய பட்டை கடன் வாங்கி 140 பேருக்கு மறுபடி பார்த்தேன். 97 பேருக்கு அழுத்தம் சாதாரணம். அட்டவணையைச் சாரிடம் கொடுத்தேன்.' இன்னும் ஐந்து பக்கம் தள்ளி, 'ஆண்டுக் கூட்டம். பட்டை விஷயத்தைச் சார் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும்.'

அந்த 'நானும்' அவரைப் பார்த்தது. அதில் குத்தல் இருக்கிறதா என்று தேடினார். இருந்திருந்தால் கோபப்படலாம்; கோபம் எவ்வளவு சௌகரியமான விஷயம்! ஒன்றும் இல்லை. கை தட்டினாள், எழுதி வைத்தாள், அவ்வளவுதான்.

வராந்தாவுக்குப் போய் நண்பரைக் கூப்பிட்டார். "அந்தக் கடிதம் ரெண்டும் நான் எழுதல. படிக்கவும் இல்ல. கண்டுபிடிச்சது அந்தப் பொண்ணு. காலையில தெரிஞ்சேதான் மழுப்பினேன்."

நண்பர் சொன்னார். "எழுத்துல கொடு. மூணு மணிக்குள்ள. இந்தத் தடவை நீயே எழுது."

அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். 'இவரை நான்' என்று ஆரம்பித்து நின்றார். எத்தனை வருடமாகத் தெரியும்? என்ன படித்தவள்? நாளும் பார்த்த முகம். விவரம் ஒன்றுகூடத் தெரியவில்லை. அறுநூறு டிரைவர்கள் எத்தனை மணி நேரம் தூங்குகிறார்கள் என்று தெரிந்து வைத்திருந்தவர், வேறு வழியில்லாமல் அவளையே கூப்பிட்டு அனுப்பினார். விஷயத்தைச் சொன்னார். பதவி உயர்வுக் கோப்புவரை சொன்னார். சொல்லும்போது மேஜையிலிருந்த ஸ்டேப்ளரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் கடைசிவரை கேட்டாள். பிறகு, பழக்க தோஷத்தில், "அப்ப நானே எழுதிட்டு வரட்டுமா சார்?" என்றாள்.

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவ்வளவு சூடு ஏறியிருக்காது. "வேண்டாம்மா. நீ சொல்லு, நான் எழுதறேன். எப்ப சேர்ந்தே?"

"நாலு வருஷம் ஆகப்போகுது சார்."

"டிப்போவுக்கு எத்தனை மணிக்குப் போவே?"

"நாலரைக்கு வீட்டை விட்டுக் கிளம்புவேன். முதல் வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி பிடிச்சாத்தான் அவங்க நிதானமா உட்காருவாங்க. ஓட்டிட்டு வந்த சூட்டோட பார்த்தா அளவு தப்பா வரும் சார்."

அவருடைய கட்டுரைகளில் 'ஓய்வுக்குப் பின் அளவிடப்பட்டது' என்று ஒரு வரி வரும். அந்த வரி நாலரை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறது என்று அவருக்கு இப்போதுதான் தெரிந்தது.

"பட்டை சின்னதுன்னு எப்படித் தோணிச்சு?"

அவள் முதல்தடவையாகச் சிரித்தாள். "நான் எங்க சார் கண்டுபிடிச்சேன்? ஒரு டிரைவர் கேட்டார், 'ஏம்மா, என் கையைப் பார்த்து உன் பட்டை பயப்படுதே, அதுக்கு முதல்ல பிரஷர் பாரு'ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு அப்பத்தான் பொறி தட்டிச்சு. அதையும் எழுதுங்க சார். அவர் பேச்சுலேர்ந்துதான் வந்துச்சு."

மூன்று பேர் அடித்துக்கொண்ட சொத்தில் உண்மையான வாரிசு, தன் பங்கையும் இன்னொருவருக்குப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கைகாட்டி குனிந்து எழுதினார். டிரைவரை எழுதினார். மாடிப்படியில் தான் சொன்ன 'பார்க்கலாம்'-ஐ எழுதினார். ஆண்டுக் கூட்டத்தில் தான் செய்ததற்கு 'கவனக்குறைவு' என்று ஒரு சொல் போட்டார், அடித்தார். 'புரிதல் பிழை' என்று போட்டார், அதையும் அடித்தார். கடைசியில் 'என் பெயரில் சொல்லிக்கொண்டேன்' என்று எழுதினார். நிலைய இயக்குநருக்கு ஒரு பிரதி வைத்து, மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அனுப்பினார்.

ஐந்தரைக்கு நண்பர் கூப்பிட்டார். "அந்தப் பொண்ணுக்குக் கொடுத்துட்டோம். உன் கடிதத்தைக் குழுவுக்குப் படிச்சுக் காட்டினேன்."

"என்ன சொன்னாங்க?"

"உன்னைப் பத்தியா? ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலடா. எல்லாரும் அவங்கவங்க பேனாவைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க."

மறுநாள் காலை அலுவலகக் கண்காணிப்பாளர் பதவி உயர்வுக் கோப்போடு வந்தார். முப்பது வருடமாக எல்லோருடைய கோப்பையும் பார்த்தவர். எதற்கும் முகம் மாறாது.

"இந்தப் பட்டைப் பக்கத்தை எடுக்கணும்னு டைரக்டர் சொல்லியிருக்கார் சார்."

"எடுத்துடுங்க."

கண்காணிப்பாளர் எடுத்தார். கோப்பைக் கையில் தூக்கி எடை பார்த்தார். ரகசியம் சொல்வதுபோலக் குனிந்தார். "இதை எடுத்துட்டா உள்ளே பெருசா ஒண்ணும் இல்லையே சார். இப்படியே மேல அனுப்பினா..."

"தெரியும். இருக்கிறதை அனுப்புங்க" என்றார் அவர்.