டீக்கடையில் சரிந்த மலை

மேற்கு மலையில் எந்தக் கல் எந்தப் பக்கம் புரளும் என்பது சிவபாண்டிக்கு அத்துப்படி. கல்லுகளும் அவரைக் கேட்டுக்கொண்டுதான் புரளும். சரி, இது கொஞ்சம் கூடுதல்தான். பாதிக் கல்லாவது கேட்கும் என்று வைத்துக்கொள்வோம்.

வத்திராயிருப்புக்கு மேற்கே மலையடி மாந்தோப்புகளில் முப்பது வருஷம் காவல் இருந்த மனுஷன். முழங்கால் தேய்ந்த பிறகு காவல் போச்சு, நிஜாம் டீக்கடை பெஞ்சு மிஞ்சியது. போன ஐப்பசி மழையில் தோப்புகளுக்கு மேலே ஐந்து இடத்தில் மண் பெயர்ந்து இறங்கிற்று. அதில் ஒன்று அவர் மகள் மாரீஸ்வரி வீட்டுக்கு நேர் மேலே, கொல்லைப்புறத்து முருங்கை வரை வந்து நின்றது.

இந்தப் புரட்டாசியில், மண் சரியும் ஆபத்து எங்கெங்கே என்று வரைபடம் போட ராஜபாளையத்து அலுவலகம் ஒன்றிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மலை தெரிந்த ஆள் என்று சிவபாண்டி கையில் ஒரு போனைக் கொடுத்தார்கள்.

“மண் சரிஞ்ச இடத்த இதுல குறிச்சு, இந்தப் பட்டனை அமுக்கணும் ஐயா. அம்புட்டுதான்,” என்றாள் நாகஜோதி, கம்ப்யூட்டரில் வரைபடம் போடுகிற பெண். வரைபடத்தில் ஆபத்தான இடம் சிவப்பாக விழுமாம். அங்கே, மழை வலுத்தால் ஊதி எச்சரிக்கிற சைரன் வைப்பார்களாம். இருப்பதே ஒரு சைரன்தான். அது மகள் வீட்டுப் பக்கம் வந்தால் போதும் என்றிருந்தது சிவபாண்டிக்கு.

பத்து நாள் கழித்து நாகஜோதி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு டீக்கடைக்கே வந்தாள். திறந்து காட்டினாள். மலை முழுக்கப் பச்சை. சுந்தரபாண்டியம் வரை வயக்காடெல்லாம் ரத்தச் சிவப்பு.

சிவபாண்டி கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். பிறகு லேப்டாப்பைத் துடைத்தார்.

“தலைகீழாப் பிடிச்சிருக்கியோ, தாயி?”

“இல்லீங்கய்யா. எனக்கும் மூணு நாளா மண்டை காயுது. நீங்க குறிச்ச புள்ளிகளப் பாத்துத்தான், எப்படியாப்பட்ட இடம் சரியும்னு கம்ப்யூட்டர் படிச்சுக்கிடும். அது என்னமோ சமதரையா இருக்குற இடந்தான் சரியும்னு படிச்சிருக்கு.”

“மலை பச்சைன்னா எம் மக வீட்டுக்கு ஆபத்தில்லையா?” என்று கேட்டார். கேட்கும்போது ஒரு நிமிஷம் நெஞ்சு குளிர்ந்தது. அடுத்த நிமிஷமே முருங்கையடியில் கிடந்த சேறு ஞாபகம் வந்து கலக்கிவிட்டது. கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா? தான் கண்டது பொய்யா?

நிஜாம் கிளாசை வைத்துவிட்டுத் திரையில் எட்டிப் பார்த்தான். “இதென்ன மாமா, அஞ்சு புள்ளியும் எங்க கடை மேல நிக்குது? பாய்லருக்குக் கீழயா மலை சரிஞ்சுது?”

நாகஜோதி மெள்ளத் திரும்பினாள். “ஐயா, எங்க நின்னு பட்டன அமுக்குனீக?”

“இங்கனதான்,” என்று எழுந்தார். பெஞ்சோரம் நின்று, ஒரு கண்ணை மூடி, போனை மலைக்கு நேரே நீட்டினார். “அஞ்சு இடமும் இங்கனயிருந்தே துலக்கமாத் தெரியும். ஒவ்வொண்ணுக்கும் குறி வச்சுத்தான் அமுக்குனேன். கை நடுங்கலையே.”

“அது மலையைப் பாக்காதுய்யா. போன் எங்க நிக்குதோ அந்த எடத்தத்தான் குறிக்கும்.”

பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். தன் முழங்கால் செய்த சோம்பேறித்தனத்தில் சைரன் வயக்காட்டு நாரைகளுக்குப் போயிருக்கும்.

மறுநாள் விடியவும் மாரீஸ்வரியின் தோளைப் பிடித்துக்கொண்டு மலையேறினார். ஐந்து சரிவுக்கும் போக ரெண்டு நாள் பிடித்தது. மண் பெயர்ந்த இடத்திலேயே நின்று அமுக்கினார். நம்பிக்கையில்லாமல் ரெண்டு தரம் அமுக்கினார்.

அந்த வாரமே நாகஜோதி புது வரைபடத்தோடு வந்தாள். வயக்காடு பச்சையாகிவிட்டது. சரிவுகளும் ஓடையோரமும் சிவப்பு. மாரீஸ்வரி வீட்டுப் பக்கம் ஆழமான சிவப்பு. சைரனும் அங்கேதான்.

சிவபாண்டி கடையில் இருந்த அத்தனை பேருக்கும் டீ சொன்னார். “எம் மக வீடு நல்லா ரத்தச் செவப்பு மாப்ளே. இனி எனக்குக் கவலையில்ல. சைரன் வந்திருச்சு, அவ பாட்டுக்கு நிம்மதியா இருப்பா.”

“அந்த வீட்ல இல்லப்பா,” என்றாள் பக்கத்தில் நின்ற மாரீஸ்வரி. “செவப்புன்னா மழை முடியுற வரைக்கும் அங்க ராத்தங்கக் கூடாதுன்னு அர்த்தமாம். நாங்க நாலு பேரும் ரெண்டு ஆடும் ஒங்க வீட்டுக்கு வாரோம்.”